வியாழக்கிழமைப் பக்கங்கள்

சரியாக ஒரு மணி ஆறு நிமிடத்துக்கு, சமையலறை மேஜை மேலிருந்த டேப்லெட் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது.

இல்வா ஓக்கர்ப்ளூம் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"வந்துட்டார்" என்றாள்.

வாசல் மணி அடித்தால் சொல்வது போலத்தான் சொன்னாள். எதிரே உட்கார்ந்திருந்த தனியார் துப்பறிவாளர் வெண்டேலா ஸ்ட்ரோலே நிமிர்ந்தாள். அவளுடைய உதவியாளன் மெல்கர், வாயருகே கொண்டுபோன ஏலக்காய் பன்னை அந்தரத்திலேயே நிறுத்தினான்.

வந்துவிட்டதாகச் சொல்லப்பட்டவர் இல்வாவின் கணவர் சிக்ஸ்டன். அவர் இறந்து ஏழு வாரம் ஆகிறது. நவம்பர் கடைசியில் ஒரு காலை, ஸ்வீடனின் மால்மோ கடற்கரையில், குளிர்காலத்திலும் ஆட்கள் ஏணி வழியே கடலில் இறங்கும் குளியல் மேடைக்குக் கீழே, இடுப்பளவு தண்ணீரில் முகம் குப்புறக் கிடந்தவரைத்தான் எடுத்தார்கள்.

திரையில் ஒரு பக்கம் திறந்தது. மேலே இன்றைய தேதி. கீழே ஒல்லியான, வலப்பக்கம் சாய்ந்த, ரயிலைப் பிடிக்க ஓடுகிற மாதிரியான கையெழுத்து.

*இல்வா, 85 வரைக்கும் எண்ணிட்டு நிறுத்திட்டேன். இன்னும் இருக்காங்க. கீழே ரொம்பக் குளிர், விரல் மடங்க மாட்டேங்குது. இவங்களை இப்படியே விட்டுட்டு மேலே வர மனசில்லை. நீ சாப்பிடு, எனக்காக உட்கார்ந்திருக்காதே.*

குளிர்பதனப் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"இது மூணாவது" என்றாள் இல்வா. "வியாழக்கிழமை வியாழக்கிழமை. இதே நேரம். மொத வாரம், 'கீழே இறங்கிட்டேன், இங்கே நான் தனியா இல்லை'ன்னு ஒரே வரி. போன வாரம் வந்ததைப் பாருங்க."

விரலால் ஒரு பக்கம் பின்னுக்குத் தள்ளினாள்.

*64 பேர். ஒவ்வொருத்தர் கையையும் பார்த்தேன். கை மட்டும்தான் இருக்கு. ஆள் இல்லை.*

மெல்கர் பன்னைத் தட்டிலேயே வைத்துவிட்டான். அவன் சாப்பாட்டைத் திருப்பி வைத்து வெண்டேலா பார்த்ததே இல்லை.

"இதெல்லாம் அவரோட ஆப்லதானே வருது?" என்று கேட்டாள் வெண்டேலா.

"பென்னா. அவரும் அவரோட கூட்டாளி பிரேபனும் சேர்ந்து செஞ்சது. டேப்லெட்டுல கையால எழுதறதுக்கு. நாலு வருஷமா இந்த வீட்டுல அதைத் தவிர வேற பேச்சே கிடையாது. எங்க ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு நோட்டு அதுல இருக்கு. பால் வாங்கணும், பல் டாக்டர், எல்லாம் அதுலதான் எழுதிப்போம். இப்போ அதுலதான் இதுவும்."

"வேற யாருக்குச் சொன்னீங்க?"

"போன வாரம் பிரேபனுக்கு மட்டும். பார்த்துட்டு அழுதார். யாரோ வக்கிரம் பிடிச்சவன் செய்யறான், அழிச்சிடு, படிக்கப் படிக்க உனக்குத்தான் நோவுன்னார். நான் அழிக்கலை."

வெண்டேலா தன் நோட்டில் ஒரு வரி எழுதினாள். பதினெட்டு வருஷம் சுங்கத்துறையில் பிறர் பெட்டிகளைத் திறந்து பார்த்தவள் அவள். பூட்டைவிட, பூட்டைப் பற்றி யார் என்ன சொல்கிறார்கள் என்பதைத்தான் முதலில் கவனிப்பாள்.

"போலீஸ்?"

"ஒன்பது நாள்ல மூடிட்டாங்க. குளியல் மேடையில உடை மாத்தற அறையில அவரோட டேப்லெட் இருந்துச்சு. அதுல ஒரு பக்கம். '47 வருஷம் வாழ்ந்தாச்சு. போதும். என்னைத் தேடாதே.' இதே கையெழுத்து." இல்வா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "வெண்டேலா, பேயா மனுஷனான்னு கேட்க உங்களைக் கூப்பிடலை. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அன்னைக்குக் காலையில அவரா என்னை விட்டுட்டுப் போனாரா? தேடாதேன்னு எழுதின ஆளு வாராவாரம் கடுதாசி போடுவாரா? ரெண்டுல ஒண்ணு பொய்."

"கண்டுபிடிச்சுச் சொல்றேன்."

"சீக்கிரம் சொல்லுங்க." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "போன வியாழன் அந்த மேடைக்குப் போனேன். ஏணியில மூணு படி இறங்கினேன். தண்ணி அவ்வளவு ஒண்ணும் குளிரா தெரியலை."

மெல்கர் வெண்டேலாவைப் பார்த்தான். வெண்டேலா நோட்டை மூடினாள்.

"இன்னைக்கு வீட்டை விட்டு நகர மாட்டேன்னு சொல்லுங்க."

"இன்னைக்கு நகர மாட்டேன்" என்றாள் இல்வா. நாளையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

*

துறைமுகப் பக்கம் போகும் சாலையில் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. மெல்கர் ஓட்டினான்.

"சீஃப், நம்ம ஆள் செத்தும் வேலை பார்க்கறார். நான் உயிரோட இருந்தே லீவு கேட்கறேன்."

"ரோட்டைப் பாரு."

"கை மட்டும் இருக்கு, ஆள் இல்லைன்னா என்ன அர்த்தம்? அறுபத்தி நாலு கை. ஜோடியா கணக்குப் பண்ணினா முப்பத்திரண்டு பேரு. ஒருத்தன் ஒத்தைக் கைன்னா கணக்கு உதைக்கும்."

"பயமா இருக்கா உனக்கு?"

"இல்லை. பயமா இருந்தா நான் ஜோக் அடிப்பேன்." கொஞ்ச தூரம் போனபின் சொன்னான்: "அந்த மூணு படி எனக்குப் பிடிக்கலை, சீஃப்."

"எனக்கும்."

"யாரோ அந்தம்மாவைத் தண்ணிக்குக் கூப்பிடறான். கணவரோட கையெழுத்தைக் காப்பியடிச்சு."

"அப்படித்தான் தோணுது" என்றாள் வெண்டேலா. தோன்றுவதை அவள் அதிகம் நம்பியதில்லை.

பென்னாவின் அலுவலகம் ஒரு பழைய மீன் கிடங்கின் மேல்மாடி. கீழே இரும்புக் கதவு போட்ட நிலவறை. படியேறிப் போனபோது மஞ்சள் பட்டாணி சூப்பின் வாசனை அடித்தது. வியாழக்கிழமை ஆயிற்றே, ஸ்வீடனில் அன்று எங்கும் அதுதான் சாப்பாடு. சிக்ஸ்டனும் வந்து சேர்ந்துகொள்வார் என்பது போல, மேஜையில் மூன்று கிண்ணங்கள் இருந்தன. ஆள் இரண்டு பேர்தான்.

"பழக்க தோஷம்" என்றார் பிரேபன் க்ரோக், அந்த மூன்றாவது கிண்ணத்தை நகர்த்தியபடி. ஐம்பதைத் தொட்ட, அழகாக நரைத்த டேனிஷ்காரர். டென்மார்க்கையும் ஸ்வீடனையும் இணைக்கிற பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்து இருபது வருஷமாகியும், ஸ்வீடிஷ் வார்த்தைகள் அவர் தொண்டையில் சூடான உருளைக்கிழங்கைப் போல உருண்டன. "இல்வா போன் பண்ணினா. நீங்க வர்றீங்கன்னு சொன்னா. பாவம் அவ. சூப் சாப்பிடுங்க."

"சாப்பிட்டாச்சு" என்றாள் வெண்டேலா.

"நான் சாப்பிடலை" என்றான் மெல்கர்.

ஜன்னலோரம் ஒரு பெண் ஆறு டேப்லெட்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் பேனாவால் ஒரு சுழி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெர்மின் ஹோட்ஜிச். ஆப்பில் தப்பு கண்டுபிடிப்பதும் அதைத் திருத்துவதும் அவள் வேலை.

"இன்னைக்கு நாள் சரியில்லை" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "நாலு மணிக்கு மூணாம் பதிப்பு வெளியே போகுது. இதுவரைக்கும் இருபது பேருக்குத்தான் வாராவாரம் பரிசோதனைப் பதிப்பு அனுப்பிட்டு இருந்தோம். இன்னைக்கு எல்லாருக்கும்."

"இல்வா அந்த இருபதுல ஒருத்தங்களா?"

"சிக்ஸ்டன் காலத்துல இருந்தே."

வெண்டேலா இல்வாவின் டேப்லெட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் முன்னே வைத்தாள். நெர்மின் மூன்று பக்கங்களையும் படித்தாள். படிக்கப் படிக்க அவள் கையிலிருந்த பேனா மெல்லச் சாய்ந்து மேஜையில் உருண்டது.

"இது அவர் கை" என்றாள்.

"யாராவது அதை மாதிரி எழுத முடியுமா?"

நெர்மின் பதிலாக ஒரு டேப்லெட்டை மெல்கரிடம் நீட்டினாள். "ஏதாவது எழுதுங்க."

மெல்கர் *மெல்கர் ஒரு மேதை* என்று எழுதினான். கோழி கிளறிய மண் மாதிரி இருந்தது. நெர்மின் ஓரத்தில் இருந்த 'மெருகு' என்ற பொத்தானைத் தொட்டாள். எழுத்துகள் நெளிந்தன, மெலிந்தன, வலப்பக்கம் சாய்ந்தன. இறந்தவரின் ஒல்லிக் கையெழுத்தில் மெல்கர் ஒரு மேதை ஆனான்.

அவன் டேப்லெட்டைச் சற்று தள்ளி வைத்தான். "இதுக்கு என் கிறுக்கலே தேவலை."

"மெருகு, கோணல் எழுத்தை நேராக்கறதுக்குச் செஞ்சது" என்றாள் நெர்மின். "ஏதாவது ஒரு கையை மாதிரிக்கு வைக்கணும் இல்லையா, சிக்ஸ்டன் தன்னோடதை வச்சார். பரிசோதனைப் பதிப்புல இன்னும் அதுதான். யார் எழுதினாலும் அவர் எழுதின மாதிரி வரும்."

"அதைத்தான் நானும் இல்வாகிட்ட சொன்னேன்" என்றார் பிரேபன், சூப் கரண்டியைத் துடைத்தபடி. "இருபது பேர்ல எவனோ ஒருத்தன். பேரைத் தேடிப் புண்ணியமில்லை. நாலு மணிக்கு அப்புறம் இந்த விளையாட்டு நடக்காது. மாதிரியை மாத்திட்டோம்."

வெண்டேலா ஜன்னலைப் பார்த்து நின்றாள். மணி இரண்டே முக்கால். கடல் அதற்குள் கறுக்க ஆரம்பித்திருந்தது.

"நெர்மின், மெருகு எதையெல்லாம் மாத்தும்?"

"வடிவத்தை. சாய்வை. அழுத்தத்தை."

"எதை மாத்தாது?"

நெர்மின் யோசித்தாள். "வரிசையை. எந்தக் கோடு முன்னாடி, எந்தக் கோடு பின்னாடி, நடுவுல எவ்வளவு நேரம் நின்னீங்க. அதெல்லாம் எழுதினவங்களோடதே. பக்கத்தோட சேர்ந்து பதிவாகும்."

"தேதியும் பதிவாகுமா?"

"இல்லை. மேலே வர்றது பக்கம் வந்து சேர்ந்த தேதி. எழுதின தேதியைப் போடணும்னு அவர் சொல்லிட்டே இருந்தார். இன்னும் செய்ய வேண்டிய பட்டியல்லயே நிக்குது."

"அந்த வரிசையை ஓட்டிக் காட்ட முடியுமா?"

"நாலு மணி வரைக்கும் முடியும்" என்றாள் நெர்மின். "மூணாம் பதிப்புல வரிசையை எடுத்துட்டோம். பழைய பக்கங்கள்ல இருந்தும் அழிஞ்சிடும்."

"பக்கம் கனக்குது" என்றார் பிரேபன். "வரிசையைச் சுமந்தா திறக்கறதுக்கு ரெண்டு விநாடி கூட ஆகுது. ஜனங்க ரெண்டு விநாடி பொறுக்க மாட்டாங்க."

"எப்போ முடிவு பண்ணினீங்க?"

"போன வாரம்."

மெல்கர் சூப்பிலிருந்து தலையைத் தூக்கினான். வெண்டேலா அவனைப் பார்க்கவில்லை.

"ஓட்டுங்க" என்றாள்.

*

நெர்மின் சுவரிலிருந்த பெரிய திரைக்குப் படத்தைக் கொடுத்துவிட்டு விளக்கைக் குறைத்தாள். வெள்ளைத் தாள். ஒன்றுமே இல்லை.

பிறகு, யாரும் தொடாமலே, ஒரு கோடு முளைத்தது.

கோடு வளைந்தது, நின்றது, மேலே ஒரு புள்ளி வைத்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆள் அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு எழுதுவது போல இருந்தது. *இல்வா* என்ற பெயர் முடிந்ததும் கை நின்றது. மூன்று விநாடி. நான்கு. அறையில் நான்கு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு, அவர் அடுத்து என்ன சொல்வார் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் *85* வந்தது.

"நிறுத்துங்க. எண்ணை மட்டும் திரும்ப."

எட்டு. பிறகு அதற்கு வலப்பக்கம் ஐந்து.

"போன வாரத்துது."

ஆறு. பிறகு நான்கு.

"எண்ணு எழுதறது இப்படித்தானே, சீஃப்?" என்றான் மெல்கர். "இதுல என்ன இருக்கு?"

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஒண்ணும் இல்லை. நெர்மின், அந்தக் கடைசிப் பக்கம் உங்ககிட்ட இருக்கா? குளியல் மேடையில கிடைச்சது?"

நெர்மின் பிரேபனைப் பார்த்தாள். அவர் கையை விரித்தார். "போடும்மா. மறைக்க என்ன இருக்கு?"

திரை வெளுத்தது. கோடு முளைத்தது. ஆனால் இந்தத் தடவை, தாளின் ஓரத்திலிருந்து ஒரு எழுத்து இடம் விட்டுத் தள்ளி, முதலில் ஒரு *7* வந்தது. பிறகு அந்தக் கை இடப்பக்கம் திரும்பி வந்து, விட்ட இடத்தில் *4* போட்டது. அதன் பின்தான் *வருஷம்* என்று தொடர்ந்தது.

"மறுபடி" என்றாள் வெண்டேலா.

ஏழு. நான்கு. நாற்பத்தேழு.

மெல்கர் எழுந்து திரை அருகே போனான். "ரெண்டும் ரெண்டு ஆள். வாராவாரம் வர்றதுல எண்ணு நேரா போகுது. அவர் கடைசியா எழுதினதுல எண்ணு திரும்பி நடக்குது. அப்போ வியாழக்கிழமைக்காரன் சிக்ஸ்டன் இல்லை. மெருகு போட்டவன். வரிசையில மாட்டிக்கிட்டான்."

"மனசு உடைஞ்ச ஆளோட கை அது" என்றார் பிரேபன் மெதுவாக, திரையைப் பார்த்தபடி. "அன்னைக்கு அவனுக்கு எது முன்னாடி, எது பின்னாடின்னு தெரிஞ்சிருக்காது." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லதாப் போச்சு. போலின்னு தெரிஞ்சிடுச்சு. இல்வாகிட்ட சொல்லுங்க. அவ நிம்மதியா இருக்கட்டும்."

இல்வாவின் கேள்விக்கு அதுதான் பதில் என்றால், சிக்ஸ்டன் தானாகத்தான் போனார். வெண்டேலா கோட்டுப் பொத்தானைப் போட்டாள்.

"சாயங்காலம் உங்ககூடப் பேச வேண்டி வரலாம், பிரேபன். போன் நம்பரை எழுதிக் குடுங்க."

"தாராளமா." மெல்கர் மேதையாகியிருந்த அதே டேப்லெட்டை இழுத்து, உதடு அசைய, இரண்டிரண்டாக எழுதிக் கொடுத்தார். "டேனிஷ் நம்பர்தான். மாத்தவே இல்லை."

வெண்டேலா அதை வாங்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நெர்மின், சிக்ஸ்டன் எழுதினதுதான்னு சத்தியம் பண்ற மாதிரி ஏதாவது இருக்கா? பத்துப் பேர் பார்க்க எழுதினது?"

"நூறு பேர் பார்த்தது இருக்கு. ஆப்பைத் திறந்ததும் வர்ற வரவேற்புப் பக்கம். கோதென்பர்க் கண்காட்சி மேடையில நின்னு எழுதினார். வீடியோகூட இருக்கு. அதை அப்படியே வச்சிருக்கோம்."

"ஓட்டுங்க."

*பென்னாவுக்கு வாங்க* என்று எழுதியது திரை. *தாள் 38 வகை. பேனா ஒண்ணு.*

மூன்று. பிறகு எட்டு.

நெர்மின் தானாகவே மறுபடி ஓட்டினாள். மூன்று, எட்டு. நேராக நடக்கிற எண்.

மெல்கர் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். "அப்போ வியாழக்கிழமை எழுதறதுதான்..."

"சிக்ஸ்டன்" என்றாள் வெண்டேலா. "அந்த மூணு பக்கமும் அவர் எழுதினது. குளியல் மேடைப் பக்கம்தான் மெருகு போட்டது."

"செத்தவன் எப்படி..." என்று ஆரம்பித்தார் பிரேபன்.

"அதுக்கு வர்றேன். மொதல்ல உங்க நம்பரைப் பார்க்கலாம்." வெண்டேலா அந்த டேப்லெட்டை நெர்மினிடம் நீட்டினாள்.

திரையில் பிரேபனின் கை ஓடியது. ஒரு இடம் விட்டு எட்டு, திரும்பி வந்து இரண்டு: 28. ஒரு இடம் விட்டு ஏழு, திரும்பி வந்து ஐந்து: 57. நான்கு ஜோடி. நான்கும் ஒரு அடி முன்னே வைத்து, ஒரு அடி பின்னே வந்தன.

"நாங்க நாற்பத்தேழுன்னு சொல்றதை உங்க ஊர்ல எப்படிச் சொல்லுவாங்க, பிரேபன்?"

பிரேபன் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"ஏழும் நாற்பதும்" என்றான் மெல்கர். "கோபன்ஹேகன்ல ஒருத்தர்கிட்ட வீட்டு நம்பர் கேட்டு, கணக்குப் பரீட்சை எழுதின மாதிரி வேர்த்துப் போயிருக்கேன். காதுல ஏழு முதல்ல விழும். சில பேருக்குக் கையும் காது மாதிரியே போகும்."

"டென்மார்க்ல லட்சக்கணக்கான பேர் இப்படி எழுதுவாங்க" என்றார் பிரேபன்.

"நிஜம்" என்றாள் வெண்டேலா. "அதுல எத்தனை பேர் அன்னைக்குக் காலையில சிக்ஸ்டனோட டேப்லெட்டைத் தொட்டாங்க? எத்தனை பேர், அவர் பக்கங்களை இல்வா காட்டின வாரமே, வரிசையை அழிச்சிடலாம்னு முடிவு பண்ணினாங்க?"

நெர்மின் எழுந்துவிட்டாள். அவள் முகம் திரை வெளிச்சத்தில் தாள் மாதிரி இருந்தது.

"கீழே" என்றாள். "கீழேன்னு எழுதியிருக்காரே, அது நம்ம நிலவறை. சர்வர் அங்கேதான். அங்கே நெட் விட்டு விட்டுத்தான் வரும். அங்கே இருந்து எழுதினா பக்கம் பாதி வழியில நின்னுடும். போகவும் போகாது, திரும்பவும் வராது. மூணு வாரமா நான் அந்த அடைப்பைத்தான் கொஞ்சம் கொஞ்சமா திருத்திட்டு வர்றேன். ஒவ்வொரு வியாழனும் மதியம் ஒரு மணிக்கு, இன்னைக்கும்தான், பரிசோதனைப் பதிப்பு போகும்போது, ஒரு நோட்டுக்கு ஒரு பக்கம் விடுபடும். சாகறதுக்கு முன்னாடி அவர் எழுதி நின்னுபோனது இப்போ ஒண்ணொண்ணா வருது." கையால் வாயைப் பொத்தினாள். "நான்தான் அனுப்பியிருக்கேன். தெரியாம நான்தான் அனுப்பிட்டு இருந்திருக்கேன்."

"அந்தக் கைகள்?" என்று கேட்டான் மெல்கர். "ஆள் இல்லாத கை?"

"ஒருத்தரோட மொத்தக் கையெழுத்தையும் சேர்த்து வச்சா, அதை இங்கே 'கை'ன்னுதான் சொல்லுவோம். அப்படி வைக்கக் கூடாது. ஒருத்தரோடதையும் நாங்க எடுக்கறதில்லைன்னு எழுதிக் குடுத்திருக்கோம்." அவள் பிரேபனைத் திரும்பிப் பார்த்தாள். "எத்தனை இருக்கு கீழே?"

பிரேபன் மூன்றாவது கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதின எல்லாரும்" என்றார் கடைசியில். "மெருகு நல்லா வரணும்னா கை வேணும். ஆயிரக்கணக்குல வேணும். அவன் கையை மட்டும் வச்சுக்கிட்டு எவ்வளவு தூரம் போறது? எப்பவும் போல அன்னைக்கும் சேர்ந்து குளிக்கப் போனோம். ஏணிகிட்ட நின்னுக்கிட்டு, இன்னைக்கே எல்லாத்தையும் அழிக்கறேன், எல்லாருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதறேன்னான். அப்போ வழுக்கினான். பனிக்கட்டி. தலை கம்பியில பட்டுது. நான் தள்ளலை. சத்தியமா தள்ளலை."

"கை நீட்டினீங்களா?" என்று கேட்டாள் வெண்டேலா.

அந்தக் கேள்விக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தை எந்த டேப்லெட்டும் பதிவு செய்யவில்லை. மெல்கர் மனசுக்குள் பதினொன்று வரை எண்ணினான். பிறகு போலீஸுக்கு போன் செய்ய வெளியே போனான்.

நெர்மின் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். மூன்றாம் பதிப்பு, மணி நான்கு, தயார் என்றது திரை. அவள் அதை நிறுத்தினாள்.

*

மால்மோவின் கடலோரப் பகுதியான லிம்ஹாமனில் இல்வாவின் சமையலறைக்கு அவர்கள் திரும்பியபோது மணி ஐந்தரை. வெளியே முழு இருட்டு. அவள் சொன்னபடியே நகரவில்லை. அதே நாற்காலி.

வெண்டேலா டேப்லெட்டை மேஜையில் திருப்பி வைத்து, கோட்டைக் கழற்றாமலே சொன்னாள். "அவரா போகலை, இல்வா."

பிறகு மிச்சத்தையும் சொன்னாள். நிலவறையைச் சொன்னாள், ஏணியைச் சொன்னாள், பிரேபன் நின்றுகொண்டிருந்ததைச் சொன்னாள். மெல்கர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இல்வா அழவில்லை. தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள்.

"ஏழு வாரமா அவர் மேல கோபமா இருந்தேன்" என்றாள். "சொல்லாம போயிட்டாரேன்னு. தினமும் காலையில எழுந்து கோபப்பட்டேன். அந்தக் கோபத்தை இப்போ எங்கே கொண்டுபோய் வைக்கிறது?"

வெண்டேலா எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு" என்றாள். "பாதி வழியில நிக்குது. போலீஸுக்கு வேணும், அவங்க நகல் எடுத்துக்கிட்டாங்க. உங்களுக்கு இப்பவே வேணும்னா நெர்மின் அனுப்பிடறேன்னு சொல்றா. ஒரு நிமிஷ வேலை."

இல்வா டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். திரை இருட்டாக இருந்தது. அதில் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது.

"அதுக்கு அப்புறம்?"

"அவ்வளவுதான். அதுக்கு மேல இல்லை."

"அப்போ இப்ப வேண்டாம். அடுத்த வியாழன் ஒண்ணு. அதுக்கு அடுத்த வியாழன் ஒண்ணு. ஒரு மணிக்கு நான் காபி போட்டு வச்சுக்கறேன். போலீஸ் படிச்சுக்கட்டும், நீங்களும் படிச்சுக்கங்க. என்ன இருக்குன்னு என்கிட்ட மட்டும் யாரும் முன்னாடி சொல்லிடாதீங்க." நிமிர்ந்து பார்த்தாள். "மேடைக்குப் போக மாட்டேன். வீட்டுல யாராவது இருக்கணும் இல்லையா, வரும்போது?"

வெண்டேலா நடைக்கு வந்து நெர்மினுக்கு போன் போட்டாள். மெல்கர் பக்கத்தில் நின்று ஷூ மாட்டிக்கொண்டிருந்தான்.

"நெர்மின், புதுப் பதிப்பு போனாத்தானே ஒரு பக்கம் விடுபடும்?"

"ஆமா. ஆனா கம்பெனியே இருக்குமா இல்லையான்னு தெரியலை. மூணாம் பதிப்பு செத்துப் போச்சு."

"அடுத்த வியாழன் இருபது பேருக்கு ஒரு சின்னப் பதிப்பு அனுப்பணும். அதுக்கு அடுத்த வியாழன் இன்னொண்ணு. ரெண்டே ரெண்டு. திருத்தறதுக்கு ஏதாவது மிச்சம் இருக்கா?"

மறுமுனையில் பேனாவை உருட்டும் சத்தம் கேட்டது.

"எழுதற ஆப் இது, வெண்டேலா" என்றாள் நெர்மின். "எப்பவும் இருக்கும்."